வெளிக்காற்று வெப்பமானியை எங்கே வைப்பாய், தம்பி?



மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் அடுக்கிக் கிடந்த பழைய கிடங்கில் நீ விமானம் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததிலிருந்து எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. எஞ்சினைப் பற்றியோ புரொப்பெல்லரைப் பற்றியோ நீ கேட்கவில்லை. வெளிக்காற்றின் வெப்பநிலையைக் காட்டும் சென்சரை எங்கே பொருத்துவது என்று மட்டும் கேட்டிருக்கிறாய். காக்பிட்டுக்குக் காற்று வருகிற பக்கவாட்டு நாக்கா டக்டுக்குள் வைத்தால் ஒயர் மிச்சம் என்றும் எழுதியிருந்தாய். அங்கே வைக்காதே. காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். உன்னைப் போல் கட்டுகிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

எந்த வெப்பமானியும் தன்னுடைய சூட்டைத்தான் காட்டும். அதைச் சுற்றி ஓடும் காற்றின் சூடும் அதன் சூடும் ஒன்றாக இருக்கும்படி செய்வது நம் வேலை. வெயில், அது பதிந்திருக்கும் தகட்டின் சூடு, நகராமல் தேங்கிய காற்று, இந்த மூன்றும் கெடுக்கும். வானிலை நிலையங்களில் வெள்ளை அடித்த, பக்கமெல்லாம் பலகைச் சட்டங்கள் வைத்த ஸ்டீவன்சன் பெட்டியைப் பார்த்திருப்பாய். அதன் கதவு நம் நாட்டில் வடக்கைப் பார்த்திருக்கும், வெயில் உள்ளே விழாமலிருக்க. அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். தரையில் அசையாமல் நிற்கும் வெப்பமானிக்கே அவ்வளவு பாதுகாப்பு என்றால், முன்னால் எஞ்சின் கொதிக்கிற விமானத்தில் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

நீ சொன்ன டக்டையே எடுத்துக்கொள். அது உடற்பகுதியின் தகட்டில் இருக்கிறது. அந்தத் தகட்டை உள்ளே காக்பிட் சூடாக்குகிறது. டக்டுக்குள் நுழைவது எஞ்சின் உறையான கவ்லிங்கின் பக்கத்தை ஒட்டி வழிந்து வந்த மெல்லிய காற்றுப் படலம். கவ்லிங்கின் இடுக்குகளில் கசியும் சூடெல்லாம் அதில் கலந்திருக்கும். உள்ளே நீ காற்றுத் திறப்பை மூடினால் டக்டில் காற்று தேங்கி நின்றுவிடும். அடிவயிறு இதைவிட மோசம். எஞ்சினைக் குளிர்வித்த காற்றும் எக்ஸாஸ்ட்டும் அந்த வழியாகத்தான் பின்னால் போகின்றன. இறக்கையின் மேல்புறம் முழு வெயில். வால் இறக்கைக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. சில விமானங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உன்னுடையதில் எக்ஸாஸ்ட் ஓடும் கோட்டுக்கு நேர் பின்னால் வால் இருப்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சரியான இடம் இறக்கையின் அடிப்புறம், புரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு வெளியே. அங்கே வெயில் விழாது, எஞ்சின் சூடு எட்டாது, கலங்காத காற்று கிடைக்கும். ஏலரானை அசைக்கும் பெல்கிராங்கைப் பார்ப்பதற்காக அடியில் ஒரு சின்ன மூடித் தகடு வைத்திருப்பாயே, ஸ்க்ரூவில் கழற்றக் கூடியது, அதில்தான் துளை போட வேண்டும். இடம் சரியில்லை என்று பிற்பாடு தெரிந்தால் ஒரு மூடியை வெட்டி மாற்றிவிடலாம். இறக்கையின் தகட்டில் போட்ட துளையை அப்படி மாற்ற முடியாது. ஒன்றை மட்டும் மறக்காதே: சென்சரின் வால் மூடிக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கை இரண்டு பக்கமும் முழுதாகத் தள்ளி, பெல்கிராங்கோ புஷ்ராடோ சென்சரையும் ஒயரையும் தொடவில்லை என்று கண்ணால் பார். இன்னொருவரை ஸ்டிக்கைத் தள்ளச் சொல்லி, நீ இறக்கைக்கு அடியில் படுத்துப் பார். ஏலரான் சிக்கினால் உயிர் போகும், தம்பி. இந்தக் கடிதத்தில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே.

வேகம் அளக்கும் பிட்டாட் குழாய்க்கு முன்னால் வேண்டாம், அதற்கு வரும் காற்று கலங்கும். எரிபொருள் டாங்கி இருக்கும் அறைப் பக்கமே போகாதே. இறக்கை நுனியில் ஸ்ட்ரோப் விளக்கின் பவர் சப்ளை சூடாகும். அதிலிருந்தும் தள்ளி இரு.

சென்சரை அலுமினியத் தகட்டில் நேரடியாக முறுக்காமல் நைலான் வாஷர் போடு. தகட்டின் சூடு ஏறாது. நம் ஊரில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் உப்புக் காற்றில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஒயர் விஷயத்தில், உன்னுடையது இரண்டு ஒயர் பிடி100 (பிளாட்டினம் மின்தடை) வகை என்றால் நீளம் கணக்கில் வரும். 22 கேஜ் செப்பு ஒயருக்கு மீட்டருக்கு சுமார் 0.053 ஓம். இறக்கையிலிருந்து பேனல் வரை 5 மீட்டர் என்று வைத்தால் போக வர 10 மீட்டர், அரை ஓம் சேர்கிறது. பிடி100 ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். ஆக, எதுவுமே செய்யாமல் 1.4 டிகிரி கூடுதலாகக் காட்டும். மூன்று ஒயர் இணைப்பு இதைச் சரிசெய்துவிடும்.

பொருத்துமுன் ஐஸ் தண்ணீரில் சோதித்துப் பார். தோப்பும்படி மீன் துறைமுகத்து ஐஸ் வேண்டாம். உப்புப் பட்டிருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சுத்தமான தண்ணீரில் வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்து, பொடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கலக்கிக்கொண்டே அளவு எடு. கொதிநீரிலும் சோதிக்கலாம்; மட்டாஞ்சேரி கடல் மட்டத்தில் இருப்பதால் கொதிநீர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். உன் சென்சர் அதைத் தாங்கும் வகையா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று உன் நண்பர்கள் கேட்பார்கள். வேண்டும்; எங்கே பறக்கப்போகிறாய் என்று யோசித்துப் பார். தொடுபுழாப் பக்கத்து சஜி தாமஸ், காது கேளாமலும் பேச முடியாமலும் இருந்து, தன் கையாலேயே விமானம் கட்டியவர். 2017இல் வந்த ‘விமானம்’ மலையாளப் படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். அவருடைய விமானம் பறந்தது திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்து மணிமுத்தாறில். கொச்சியில் வில்லிங்டன் தீவில் கடற்படையின் ஐஎன்எஸ் கருடா விமானதளம், வடக்கே நெடும்பாசேரி விமான நிலையம்; உன் சின்ன விமானத்துக்கு இரண்டும் தோதுப்படாது. ஆகவே நீயும் இப்படி ஒரு மலையடிவார ஓடுதளத்தைத்தான் தேடிப் போவாய் என்று நினைக்கிறேன். அங்கே வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியை வைத்து மேகத்தின் அடி எங்கே என்று கணக்கிடுவாய். ஒரு டிகிரிக்குச் சுமார் 125 மீட்டர். சென்சர் 3 டிகிரி கூட்டிக் காட்டினால், மேகம் உண்மையில் இருப்பதைவிட 375 மீட்டர் மேலே இருப்பதாக நம்புவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த 375 மீட்டருக்குள் பாறை இருக்கும்.

புறப்படும்போதும் அப்படித்தான். 34 டிகிரிப் பகலில், கடல் மட்டத்திலேயே விமானம் 2,300 அடி உயரத்தில் நிற்பதுபோல் நடந்துகொள்ளும். தர நிலையான 15 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி. கார்புரேட்டரில் பனி கட்டுவதற்கும் குளிர்தேசம் தேவையில்லை. ஈரக் காற்றில் 30 டிகிரியைத் தாண்டியும் கட்டும். நம் கரையோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

கடைசியாக, பறந்து பார்க்கிற சோதனை. வேகத்தால் காற்று அமுங்கி சென்சரில் தானே கொஞ்சம் சூடாகும். 60 நாட் வேகத்தில் அரை டிகிரி, 110 நாட் வேகத்தில் 1.6 டிகிரி வரை. பேனலில் உள்ள மின்னணுத் திரையான இஎஃப்ஐஎஸ் இதைத் தானாகவே கழிக்கிறதா என்று கையேட்டில் பார், பார்க்காவிட்டால் இரண்டு முறை கழித்துவிடுவாய். காலையில், கலக்கமில்லாத காற்றில், ஒரே உயரத்தில் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் பற. திருத்தாத அளவில் வேகத்தின்போது ஏறக்குறைய ஒரு டிகிரி கூட வர வேண்டும். மெதுவாகப் போகும்போது கூடுதலாகக் காட்டினால் எங்கிருந்தோ எஞ்சின் சூடு வருகிறது என்று அர்த்தம். முழு பவரில் ஏறும்போதும் கவனி. கிலோமீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி இறங்க வேண்டியது இறங்காமல் நின்றாலும் அதே சந்தேகம்தான்.

சென்சர் எந்த வகை, இஎஃப்ஐஎஸ் எந்த மாடல், மூடித் தகட்டுக்கும் பெல்கிராங்குக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, மூன்றையும் எழுது. துளையை அதற்குப் பிறகு போடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்