சாயக்காரரின் கையும் ஒளுவின் தண்ணீரும்

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து இரு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் அரக்குச் சிவப்பு. நகக்கண்களில் மயில் நீலம். "ஹஜ்ரத், எவ்வளவு தேய்த்தாலும் இது போகமாட்டேன் என்கிறது. பத்து வருஷமாக இதே கையோடுதான் ஒளு செய்து தொழுகிறேன். இந்தக் கையோடு ஒளு கூடாது என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். அப்படியானால் பத்து வருஷத் தொழுகையும் களாவா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

அவருக்கு அப்போதே மஸ்அலாவைச் சொல்லி அனுப்பிவிட்டோம். ஆயினும் அவர் போன பின்பு, தண்ணீரைப் பற்றி நாம் எவ்வளவு பேசுகிறோம், எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்ற எண்ணம் நம்மை விட்டகலவில்லை. மதரஸாவில் நாம் ஓதிய ஃபிக்ஹு கிதாபுகளில் முதல் பாடமே தண்ணீர்தான். அந்தப் பாடத்தை விஞ்ஞானிகள் கண்டறிந்தவற்றோடு சேர்த்து இங்கே ஓதிப் பார்ப்போம்.

நெருப்பு, காற்று, மண், நீர் ஆகிய நான்குமே மூலப் பொருட்கள் என்று யவன ஞானிகள் கூறினர். நமது முன்னோரின் வைத்திய நூல்களும் அதை ஒட்டியே எழுதப்பட்டன. 1780களில் இங்கிலாந்தின் கேவண்டிஷ், பிரான்ஸின் லவாய்ஸியே ஆகியோர் செய்த சோதனைகளால், நீர் மூலப் பொருளன்று, இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்பது தெளிவாயிற்று. ஒன்று ஹைட்ரஜன், மற்றொன்று ஆக்ஸிஜன் எனும் பிராணவாயு. 9 கிலோ தண்ணீரில் 8 கிலோ பிராணவாயு, 1 கிலோ ஹைட்ரஜன். ஹைட்ரஜன் தானே எரிவது. பிராணவாயு எரிய உதவுவது. இவ்விரண்டும் கூடியதுதான் நாம் நெருப்பை அணைக்க ஊற்றும் தண்ணீர்! படைத்தவனின் கைவண்ணத்தை என்னென்பது!

தண்ணீரின் ஒவ்வொரு நுண்துளியிலும் ஒரு பிராணவாயு அணுவோடு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன. நேர்கோட்டில் அல்ல, கவட்டைபோல் வளைந்து. அந்த வளைவினால் ஒரு பக்கம் சிறிது எதிர் மின்னேற்றமும் மறுபக்கம் சிறிது நேர் மின்னேற்றமும் உண்டாகின்றன. காந்தத்துக்கு இரு முனைகள் இருப்பதுபோல் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆகவே நுண்துளிகள் ஒன்றையொன்று பற்றிக் கொள்கின்றன. இந்தப் பிடிப்பு மட்டும் இல்லையென்றால் நம் கதி என்ன? தண்ணீரின் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரஜன் சல்பைடு (அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையதே) தண்ணீரை விடக் கனத்த பொருளாயிருந்தும், பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. தண்ணீரோ 100 டிகிரி வரை தாக்குப் பிடிக்கிறது. அதனால்தான் ஆறும் ஏரியும் உண்டு. நம் உடம்பில் ஏறத்தாழ அறுபது சதவீதமாயிருக்கும் நீரும் நீராகவே உண்டு. உயிருள்ள அனைத்தும் நீரிலிருந்தே ஆக்கப்பட்டன என்னும் கருத்து திருக்குர்ஆனின் அல்அன்பியா அத்தியாயத்தில் வருவதை இங்கு நினைவுகூரலாம்.

அந்தப் பிடிப்பை விட்டு ஆவியாக வேண்டுமானால் தண்ணீருக்கு நிறைய வெப்பம் தேவை. மண்பானையின் துளைகளில் கசியும் நீர் அந்த வெப்பத்தைப் பானையிடமிருந்தே எடுத்துக் கொண்டு போகிறது. சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் குளிர்வதும், வியர்வை நம்மைக் காப்பதும் இதனால்தான்.

இரு முனை இருப்பதன் மற்றொரு பலன், தண்ணீர் தன்னிடம் வரும் பலவற்றையும் கரைத்து ஏற்றுக் கொள்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக் கொண்டு இலேசான புளிப்புத் தன்மை பெறுகிறது. வழியிலுள்ள சுக்கான் கல்லைக் கரைக்கிறது. அப்படிக் கரைந்த கால்சியம், மக்னீசியம் உப்புகளே தண்ணீரைக் கடினப்படுத்துகின்றன. ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியிலும், பள்ளிவாசல் ஒளுக் குழாய்களின் வாயிலும் வெள்ளையாய்க் கட்டி நிற்கிறதே, அது இதுதான்.

நம் ஊர்த் தொழிலுக்கு இது பெரிய சங்கதி. புழுக்கூட்டிலிருந்து வரும் கோரா பட்டில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் பசை இருக்கிறது. சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்க வைத்து அந்தப் பசையை நீக்கினால்தான் பட்டு மென்மையாகிப் பளபளக்கும், சாயம் பிடிக்கும். கடின நீரில் காய்ச்சினால் சோப்பு நுரைக்காமல் கால்சியத்தோடு சேர்ந்து வெண்ணிறத் திரியாகி நூலில் ஒட்டிக் கொள்கிறது; சாயம் திட்டுத் திட்டாக விழுகிறது. தண்ணீர் சரியில்லை என்று சாயக்காரர்கள் சொல்வது சாக்கல்ல, ரசாயனம்! வீட்டிலுள்ள தாய்மார்களும் இதைச் சோதிக்கலாம். ஒரு சீசாவில் மழைநீரும் மற்றொன்றில் குழாய் நீரும் எடுத்து, சிறிது சோப்பைச் சீவிப்போட்டுக் குலுக்கிப் பாருங்கள். (சலவைப் பவுடர் போடக் கூடாது, அதில் கடினத்தை முறிக்கும் சரக்குகள் கலந்திருக்கும்.)

இனி அந்தச் சகோதரரின் கைக்கு வருவோம். பட்டு என்பது ஒருவகைப் புரதம். நம் தோலும் நகமும் அவ்வாறே புரதம். பட்டைப் பற்றுவதற்கென்றே செய்யப்பட்ட சாயம், கைக்கும் நூலுக்கும் பேதம் பாராமல் இரண்டையும் பற்றிக் கொள்கிறது. அது மேலே பூசிய படலமன்று, உள்ளே ஊறிய நிறம். ஒளுவில் கடமை, தண்ணீர் தோலைத் தொடுவதுதான். நிறம் தண்ணீரைத் தடுப்பதில்லை. மருதாணிச் சிவப்பு தடுக்காதது போலவே. அரக்கு, மெழுகு, பெயிண்ட், நகப்பூச்சு போன்று கனமாய்ப் படிந்து தண்ணீரைத் தடுப்பவற்றைத்தான் நீக்க வேண்டும். இதில் மகிழ்ச்சியான செய்தி ஒன்று: ஹிஜ்ரி 1088இல் மறைந்த டமாஸ்கஸ் நகர் இமாம் ஹஸ்கஃபீ (ரஹ்) எழுதிய துர்ருல் முக்தார் எனும் ஹனஃபீ கிதாபில், சாயக்காரரின் நகத்தில் இருப்பது தடையாகாது என்ற மஸ்அலா தனியாகவே இடம் பெற்றிருக்கிறது. முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சாயக்காரர் கையை விரித்துக் கேட்டிருப்பார் போலும்! பத்து வருஷத் தொழுகைக்குக் களா இல்லை.

சாயம் கலந்த தண்ணீரின் சட்டமோ வேறு. சாயம் அசுத்தமான பொருள் அல்ல. சிறிது சாயம் விழுந்த வாளித் தண்ணீர், தண்ணீர் என்ற பெயரிலேயே இருக்குமானால் ஒளு கூடும். அதைக் கொண்டு ஒரு துணிக்கு நிறமேற்றலாம் என்னும் அளவுக்குச் சாயம் மிகைத்துவிட்டால் அது தண்ணீரல்ல, சாயம், ஒளு கூடாது. குங்குமப்பூ கலந்த நீரை உதாரணமாக்கி நமது ஹனஃபீ இமாம்கள் இதை விளக்கியுள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபிலும், தண்ணீர் என்ற பெயரே நீங்கும் அளவுக்கு மாறிய நீர் சுத்தமானதேயன்றிச் சுத்தப்படுத்தாது.

நிலத்தின் உப்பினால் வரும் மாற்றம் குற்றமில்லை. கடல் நீரைப் பற்றிச் சஹாபாக்கள் கேட்டபோது அதன் நீர் தூய்மையானதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். ஆகவே கிணற்று உப்பு நீரில் தாராளமாக ஒளு செய்யலாம். இப்போது வீடுகளில் வைத்திருக்கும் ஆர்.ஓ. கருவி ஒருபக்கம் குடிநீரைத் தந்து, மறுபக்கம் உப்பு கூடிய நீரை வெளியே தள்ளுகிறதல்லவா? அதிலும் ஒளு கூடும். பலர் அதைச் சாக்கடையில் விடுகிறார்கள். ஒரு வாளியில் பிடித்து வைத்தால் வீடு கழுவவாவது ஆகும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறம், ருசி, வாசனை என்ற மூன்று குணங்களைக் கொண்டு நாம் தண்ணீரைத் தீர்மானிக்கிறோம். தொழுகைக்கு அது போதும், குடிப்பதற்குப் போதாது. கடும்பாறை நிலங்களில் கிணற்று நீரில் கரைந்திருக்கக் கூடிய ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது நம் நாட்டின் குடிநீர் அளவுகோல். மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் கெடும். கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் வீதம் கூடத்தான் செய்யும்.

அடுத்த விஷயத்தைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் விட முடியாது. நம் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேருகிறது; செய்யாறு பாலாற்றில் சேருகிறது. அந்தப் பாலாற்றின் கரையில் வாணியம்பாடி, ஆம்பூர் பகுதித் தோல் பதனிடும் கழிவால் எத்தனையோ கிணறுகள் கெட்டன. அது வழக்காகி, மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அத்தொழிலில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. திருப்பூரில் நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கம் இது. ஐந்து வேளையும் சுத்தமான தண்ணீரைத் தேடுகிறவர் அடுத்தவர் கிணற்றைக் கெடுப்பது எந்தக் கிதாபில் ஆகும்?

இதை நாம் சொன்னபோது அந்தச் சாயக்காரச் சகோதரர் தலை குனிந்தார். "பட்டறைத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில்தான் விடுகிறோம், ஹஜ்ரத். எங்கே கொண்டு போய் ஊற்றுவது?" என்றார். நியாயமான கேள்வி. சிறு பட்டறைக்காரர் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பலர் சேர்ந்துதான் செய்ய வேண்டும். அதுவரை, மிஞ்சும் சாயத்தைக் குறைக்க நூலுக்கேற்ற எடைபோட்டுச் சாயம் கரைப்பதும், ஒரே நிறத்துக்கு அதே தொட்டியை மீண்டும் பயன்படுத்துவதும் அவரால் ஆகக் கூடியவை. தம் வீட்டுக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கும்படியும் சொன்னோம். வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கின்றனர். மறுநாள் மஃரிபுக்கு வந்தபோது, ஒரு சீசாவை நன்றாகக் கழுவி வைத்திருப்பதாகச் சொன்னார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்திருக்கிறார்கள். மத்ஹபுகளின் கணக்குப்படி அது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் விழும் குழாயைத் திறந்துவிட்டு மூன்று நிமிடம் ஒளு செய்தால் 15 லிட்டர் போகிறது. நமது பள்ளியில் அந்தச் சகோதரர் இப்போது குழாயை விட்டு, ஒரு செம்பில் பிடித்து ஒளு செய்கிறார். சாயம் அப்படியேதான் இருக்கிறது.

தண்ணீர் உடம்புக்குத் தீங்கு செய்யும் நிலையில் தயம்மும் எப்போது கூடும் என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கின்றனர். இன்ஷா அல்லாஹ், அதை அடுத்த இதழில் பார்ப்போம். வல்லாஹு அஃலம்.