கைப்பொருளும் அய்யாவின் கருணையும்



பெட்டியில் பணம் இருந்தால் மனத்தில் தெம்பு. பெட்டி காலியானால் நெஞ்சில் நடுக்கம். கலியில் வாழும் மனிதருக்கு இது பழகிப்போன நிலை. ஆனால் அய்யா வைகுண்டர் தம் மக்களுக்குத் தந்த தெம்பு பெட்டியைச் சார்ந்ததல்ல.

அந்தப் பாடம் எந்தக் காலத்தில் தரப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கொல்லம் ஆண்டு 1008, மாசி 20 அன்று, அதாவது 1833 மார்ச் மாதத்தில், திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக எழுந்தருளினார். அப்போது திருவிதாங்கூரில் எளியவர் தலைக்கு வரி, ஏறும் பனைக்கும் வரி. கூலியில்லாத ஊழிய வேலை வேறு. பாடுபட்டுச் சேர்த்தது கையில் நிற்காது. இன்று இருக்கும் பொருள் நாளை இருக்கும் என்ற உறுதி இல்லாத மக்களிடம்தான் அய்யா வந்தார்.

அம்மக்களில் 700 குடும்பத்தார் அய்யாவின் சொல்லை ஏற்று வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தனர். ஊரையும் பிழைப்பையும் விட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். நாள்தோறும் கடலில் குளித்து, துணி துவைத்து, ஒருவேளை சைவ உணவு மட்டும் உண்டு தவம் செய்தார்கள். நிறைய வைத்திருப்பவன் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது பெரிதல்ல. அன்றாடங்காய்ச்சி அன்றைய பிழைப்பையே விட்டுப் போனதுதான் பெரிது. அவர்களுக்கு இருந்த ஒரே கைப்பொருள், அய்யா இருக்கிறார் என்ற நம்பிக்கை.

அப்படியானால் வேலைக்குப் போக வேண்டாமா? அய்யாவை நம்புவது கைகட்டி உட்கார்ந்திருப்பதல்ல. சாமிதோப்பில் முத்திரிக்கிணறு வெட்டப்பட்டது மனிதக் கைகளின் உழைப்பால்தான். அந்த ஒரே கிணற்றில் எல்லாச் சாதியாரும் நீராடினர். ஒன்றாய் அமர்ந்து உண்டனர். உழைப்பு மக்களுடையது, பலன் அய்யாவுடையது. அவர் தரும் பலன் ஒரு வீட்டோடு நின்றுவிடாமல் பலருக்கும் போய்ச் சேர வேண்டும்.

காணிக்கையை அய்யா விலக்கியதன் பொருளும் இங்கே விளங்கும். கடவுளுக்குக் காசு வேண்டுமென்றால், காசுள்ளவன் முன்னே நிற்பான். இல்லாதவன் வாசலிலேயே நின்றுவிடுவான். "இதைக் கொடு, அதைத் தருகிறேன்" என்று பேரம் பேசுவது பக்தியாகாது. அது வியாபாரம். பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்பவர் அங்கே காண்பது தம் முகத்தைத்தான். அந்த முகத்தில் இருப்பது அய்யாவின் மேல் நம்பிக்கையா, பொருளின் மேல் ஆசையா என்று அவரவரே அறிவார்.

அய்யா கேட்டது தர்மம். தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவதே அவர் காட்டிய வழி. நாளைக்கு என்ன செய்வோம் என்ற பயம் பிடித்தவன் கை மூடிக்கொள்ளும். அய்யா பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவன் கை திறக்கும். ஒருவரின் நம்பிக்கையை அளக்க இதைவிட வேறு அளவுகோல் வேண்டாம்.

இன்றும் பல வீடுகளில் மாதக் கடைசி வந்தால் கலக்கம். வேலை போனவர் உண்டு. மகளின் கல்யாணக் கடனில் தவிப்பவர் உண்டு. வட்டிக்காரருக்குப் பயந்து வாசல் திறக்காதவரும் உண்டு. அவர்கள் தாங்கலுக்கு வரும்போது "அய்யா தருவார்" என்ற சொல்லை மட்டும் கேட்டுத் திரும்பக் கூடாது. அய்யா தருவது பெரும்பாலும் இன்னொரு அன்பரின் கை வழியாகவே வருகிறது. தாங்கலில் பசித்தவருக்குப் பரிமாறும் அன்னத்தில் ஒரு பிடி அரிசி யாரோ ஒருவருடையது. அவரும் நாளையை நினைத்துப் பயந்திருந்தால் அந்தப் பிடி பானைக்கு வந்திராது.

ஆகவே பொருளை ஈட்டுங்கள், அதன்மேல் சாயாதீர்கள். சாய வேண்டிய இடம் அய்யாவின் பாதம். அங்கே சாய்ந்தவர், தம்மை அண்டி வருபவருக்கும் நிழலாகட்டும்.

அய்யா உண்டு.