காரின் மூச்சுக் கதவும் இரு சாட்சிகளும்

சென்ற கோடை விடுமுறையில், எம் மாமாவின் கார் நாகர்கோவில் நெடுஞ்சாலையிலே, பின்னே லாரியொன்று நெருங்கி வருங்கால், திடீரென வேகமிழந்து ஊரலாயிற்று. ஆக்ஸிலரேட்டரை எத்துணை அழுத்தி மிதிப்பினும் எஞ்சின் செவிசாய்த்திலது. பழுதுபார்ப்போர் த்ராட்டில் பாடி முழுவதையும் மாற்றிப் பெருந்தொகை பெற்றனர். பத்து நாள் கழியுமுன் அந்நோய் மீண்டது. அதன் காரணத்தை ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

எஞ்சினுக்குட் செல்லும் காற்றை அளந்துவிடும் கதவே த்ராட்டில். முற்காலக் கார்களில் மிதியினின்று செல்லும் கம்பியொன்று அதனை நேரே இழுத்துத் திறந்தது. இக்காலத்தன பெரும்பாலானவற்றில் அக்கம்பி இல்லை. மிதியிலுள்ள சென்ஸர் காலின் நிலையை மின்னழுத்தத்தால் கணினிக்கு உரைக்கும்; கணினி சிறு மோட்டாரை ஏவிக் கதவைத் திறக்கும்; திறந்த அளவைக் கதவுச் சென்ஸர் மீள உரைக்கும்.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது, மிதியிலும் கதவிலும் சென்ஸர்கள் இவ்விரண்டாய் அமைந்திருத்தல். ஒருவன் சொல்லை மட்டும் நம்பிக் கதவைத் திறந்துவிடின் உயிர்க்கே இறுதி நேருமன்றோ? பல கார்களில், கதவுச் சென்ஸர்களுள் ஒன்றன் அழுத்தம் ஏற மற்றதனது இறங்கும். இரண்டையுங் கூட்டின் எந்நிலையிலும் ஏறக்குறைய 5 வோல்ட் ஆகும். இக்கணக்குப் பிழைப்பின் கணினி மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்தும். சுருள்வில் கதவைச் சிறிதளவே திறந்த நிலையில் நிறுத்தும். கார் ஊர்ந்தேனும் ஓரஞ் சேரும். மாமா சினந்த அவ்வூர்தல் உண்மையிற் காவலே.

அப்பொழுது கணினியிற் பதியுங் குறி பி2135. மிதிச் சென்ஸர்களாயின் பி2138. இக்குறிகள் சாட்சிகள் முரணினர் என்பரேயன்றிப் பொய்த்தவர் யாவர் என்று கூறா. சென்ஸர் தேய்ந்திருக்கலாம், இணைப்பின் ஊசியிற் களிம்பேறியிருக்கலாம், இரண்டற்கும் பொதுவாகிய எர்த் வயர் தளர்ந்து இருவர் கூற்றையும் ஒருங்கே திரித்திருக்கலாம்.

ஆதலின், சாவியைத் திருகி, எஞ்சினை ஓட்டாது, சென்ஸருக்கு வரும் 5 வோல்ட்டையும் எர்த்தையும் முதற்கண் மல்டிமீட்டரால் அளக்க. பின்னர், மிதியை மெல்ல அழுத்தி, இரு அழுத்தங்களையும் ஸ்கேனரிற் காண்க. அந்நிலையிலே வயர்க்கட்டை ஆங்காங்கு அசைத்துப் பார்த்தல் இன்றியமையாதது; ஓடுங்கால் மட்டுந் தோன்றும் பிழை அசைவினாலன்றி அகப்படாது. கதவினுள் விரலிடுதல் கூடாது. மோட்டார் திடீரென இயங்கி நசுக்கிவிடும். கதவிற் கரி படிந்திருப்பின் துடைக்கலாம். துடைத்தபின் பல கார்களில் கணினிக்குக் கதவின் நிலையைப் புதிதாய்ப் பயிற்றுதல் வேண்டும்.

எம் மாமாவின் காரில், பாட்டரித் தட்டின் விளிம்பில் உராய்ந்து ஒரு வயர் தேய்ந்திருந்தது. அதனை ஒட்டுவது அரைமணி வேலையாயிற்று. முன்னர்க் கழற்றிய த்ராட்டில் பாடி, குற்றமொன்றுமின்றி, அவர் வீட்டுப் பரணிலே கிடக்கின்றது.