கணிப்பொறிக்கு ஏன் நினைவு போதவில்லை?



நம் நினைவாற்றலுக்கு எல்லை உண்டு என்பதைத் தேர்வு நாட்களில் நாம் நன்றாகவே உணர்கிறோம். கணிப்பொறிக்கும் அத்தகைய எல்லை உண்டு. ஆனால் அதன் காரணம் வேறு. எத்தனை நினைவகச் சில்லுகளை விலைக்கு வாங்கிப் பொருத்தினாலும், பழைய மேசைக் கணிப்பொறிகள் ஓர் அளவுக்கு மேல் அவற்றைப் பயன்படுத்த இயலாமல் நின்றன. அது ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முகவரி என்னும் கதவு எண்

நினைவகம் என்பது வரிசையாக அமைந்த சிற்றறைகளின் தொகுதி. ஓர் அறையில் ஓர் ஆங்கில எழுத்தை வைக்கலாம். அந்த அளவைப் பைட் என்பர். ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு எண் உண்டு.

ஒரு தெருவில் கதவு எண்ணை இரண்டு இலக்கங்களில்தான் எழுத வேண்டும் என்று விதி இருப்பதாகக் கொள்வோம். 00 முதல் 99 வரை 100 வீடுகளுக்கே கடிதம் போய்ச் சேரும். நூற்றோராவது வீட்டை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் தபால்காரர் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

கணிப்பொறியின் மையச் செயலி இந்த எண்களைக் கம்பிகளின் வழியே அனுப்புகிறது. ஒரு கம்பியில் 0 அல்லது 1 மட்டுமே செல்லும். ஒரு கம்பியால் 2 அறைகளையும், இரண்டால் 4 அறைகளையும், மூன்றால் 8 அறைகளையும் சுட்டலாம். கம்பி ஒன்று கூடும்போதெல்லாம் அறைகள் இருமடங்காகின்றன. 16 கம்பிகள் 65,536 அறைகளைச் சுட்டும்; இது 64 கிலோபைட். 20 கம்பிகள் 10,48,576 அறைகளைச் சுட்டும்; இது 1 மெகாபைட்.

640 கிலோபைட் வேலி

1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதிலிருந்த இண்டெல் 8088 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள். ஆகவே மொத்தம் 1,024 கிலோபைட். அதை வடிவமைத்தோர் மேற்பகுதியில் 384 கிலோபைட்டைத் திரைக்கும் பிற கருவிகளுக்கும் ஒதுக்கினர். எஞ்சிய 640 கிலோபைட்டில்தான் டாஸ் என்னும் இயக்க அமைப்பும் நிரல்களும் தங்க வேண்டியிருந்தது.

அக்கணிப்பொறியின் மிக எளிய மாதிரியில் இருந்த நினைவகம் 16 கிலோபைட்டே. அதைப்போல் 40 மடங்கு இடம் அன்று கடல்போல் தோன்றியதில் வியப்பில்லை. 640 கிலோபைட் எவருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் கூறியதாக ஒரு செய்தி உலவுகிறது. தாம் அவ்வாறு கூறவேயில்லை என்று அவர் மறுத்திருக்கிறார்.

1983-இல் லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு அட்டவணை நிரல் வந்தது. அலுவலகங்கள் பெரிய பெரிய அட்டவணைகளை அமைக்கத் தொடங்கின. கடல் விரைவில் குளமாயிற்று!

மேசையும் நூலகமும்

1985-இல் லோட்டஸ், இண்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஒரு வழி கண்டன. நான்கு புத்தகங்களுக்கே இடமுள்ள மேசையில் அமர்ந்தும் ஒரு நூலகம் முழுவதையும் படிக்கலாம் அல்லவா? படித்ததை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைக் கொணர்ந்தால் போதும். அதுபோல, ஒதுக்கப்பட்ட மேற்பகுதியில் 64 கிலோபைட் இடத்தை மேசையாக்கி, கூடுதல் நினைவகத்திலிருந்து 16 கிலோபைட் கொண்ட நான்கு பக்கங்களை மாற்றி மாற்றிக் காட்டினர். பயன் கிடைத்தது; ஆனால் மாற்றுவதற்கு நேரம் பிடித்தது.

புதிய செயலி, பழைய எல்லை

1982-இல் வெளியான 80286 செயலிக்கு 24 கம்பிகள். 16 மெகாபைட் வரை சுட்டலாம். 1985-இல் வந்த 80386 செயலியோ 32 கம்பிகளால் 4 ஜிகாபைட்டைச் சுட்டியது. அப்படியும் டாஸ் இவற்றைப் பழைய 8088 போலவே நடத்தியது. மக்கள் பணம் கொடுத்து வாங்கிய நிரல்கள் வீணாகக் கூடாது என்பதே காரணம். பல நிரல்கள் திரைக்குரிய இடம் இன்னதென்று நம்பி, அங்கேயே நேராக எழுதின. வேலியை நகர்த்தினால் அவை நின்றுபோகும்.

1990-இல் விண்டோஸ் 3.0 தனக்கென எழுதப்பட்ட நிரல்களை வேலிக்கு அப்பால் செல்ல விட்டது. 1991-இல் டாஸ் 5.0, தன்னில் ஒரு பகுதியையே வெளியே வைத்துக்கொண்டு நிரல்களுக்கு இடம் தந்தது.

மீண்டும் அதே கதை

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் 32 பிட் வகைக்கு எல்லை 4 ஜிகாபைட். அதிலும் மேல்முகவரிகள் திரை அட்டை முதலிய கருவிகளுக்குச் சென்றன. 4 ஜிகாபைட் வாங்கிப் பொருத்தியவர்கள் 3 அல்லது மூன்றரை ஜிகாபைட் மட்டுமே கண்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக ஐயுற்றனர். உண்மையில் கதவு எண்களே தீர்ந்துபோயிருந்தன. 64 பிட் செயலியும் அதற்கேற்ற இயக்க அமைப்பும் இணைந்தபோதே இக்குறை நீங்கியது. 2021-இல் வெளியான விண்டோஸ் 11-க்கு 32 பிட் வகையே இல்லை.

நாம் அறிய வேண்டியது

வீட்டிலுள்ள பழைய கணிப்பொறிக்கு நினைவகம் வாங்கும் முன், செயலியும் இயக்க அமைப்பும் 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுதல் நன்று. தாய்ப்பலகை எவ்வளவு ஏற்கும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இல்லையேல் பெற்றோர் பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாகும்.

1981-இல் வேலி போட்டவர்கள் அறிவிலிகள் அல்லர். அன்றைய தேவைக்கு மேலாகவே இடம் விட்டனர். ஆனால் ஒரு முடிவின்மேல் ஆயிரம் பேர் தத்தம் உழைப்பைக் கட்டி எழுப்பிவிட்டால், பின்பு அதை எளிதில் மாற்ற இயலாது. நாளை பாலமோ, பள்ளியோ, நிரலோ அமைக்கப் போகிற நாம், பின்வருவோருக்கும் சில கதவு எண்களை விட்டுவைப்போமாக!