புதிய கம்ப்யூட்டருக்கு எந்த ஓ.எஸ்.? தேர்விலிருந்து நிறுவல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பொன்முடிக்கு ஏறும் வழியில் இருக்கிறது எங்கள் வித்துரா. பக்கத்து வீட்டுக்காக ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தோம். பாகங்கள் எல்லாம் திருவனந்தபுரத்தில் வாங்கியவை. பவர் பொத்தானை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது, மதர்போர்டின் பெயர் வந்தது, பிறகு கறுப்புத் திரையில் ஒற்றை வரி மட்டும் நின்றது. ஒன்பதாவது படிக்கும் அந்த வீட்டுப் பெண், "கெட்டுப்போச்சா மாமா?" என்று கேட்டாள். எதுவும் கெடவில்லை. ஓ.எஸ். என்கிற இயங்குதளத்தை இன்னும் போடவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை செய்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். நிதானமாகச் செய்தால் யாராலும் முடியும்.

படி 1: யாருக்கு, எந்த வேலைக்கு?

எந்த ஓ.எஸ். சிறந்தது என்று கேட்பதைவிட, கணினியின் முன்னால் அதிக நேரம் உட்காரப்போவது யார் என்று கேளுங்கள். பாதித் தேர்வு அதிலேயே முடிந்துவிடும்.

*பள்ளிப் பிள்ளைகள் என்றால்:* கேரள அரசுப் பள்ளிகளில் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. பின்னர் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. 2017-இல் அந்தத் திட்டமே கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. பிள்ளைகள் கணினி அறையில் பயன்படுத்துவது இந்த நிறுவனம் தரும் கைட் குனு லினக்ஸைத்தான். அதன் 22.04 பதிப்பு, உபுண்டு 22.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, இலவசம். ஜியோஜீப்ரா, கிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பள்ளியில் பாதியில் விட்ட பயிற்சியை வீட்டில் தொடரலாம்.

*பொதுவான வீட்டு வேலை என்றால்:* இணையம், கடிதம், கணக்கு, சினிமா போதுமென்றால் உபுண்டு 24.04 அல்லது லினக்ஸ் மின்ட். மிகப் புதிய மதர்போர்டு, வைஃபை கார்டு வாங்கியவர்களுக்கும் இதுவே பாதுகாப்பு. பழைய பதிப்புகள் சில நேரம் புதிய பாகங்களை அடையாளம் காண்பதில்லை. உபுண்டு 24.04-க்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும். பள்ளிக்கான மென்பொருள்களை இதிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

*டாலி, போட்டோஷாப், சில ஆன்லைன் விளையாட்டுகள் என்றால்:* விண்டோஸ் 11. குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், புது மெஷினில் அதைப் போடாதீர்கள். உரிமத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். "கிராக் பண்ணிப் போட்டுத் தர்றேன்" என்பவரிடம் வீட்டுக் கணினியைக் கொடுக்காதீர்கள். அந்தக் கிராக்கோடு உள்ளே என்ன வருகிறது என்று அவருக்கே தெரியாது. நீங்களோ அதே மெஷினில்தான் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள்.

படி 2: கையில் இருக்க வேண்டியவை

- 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று. அதிலுள்ளவை முழுவதும் அழிந்துவிடும். முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள்.
- ஏற்கெனவே ஓடும் இன்னொரு கணினி.
- நல்ல இணைய இணைப்பு. உபுண்டு 24.04 ஏறத்தாழ 6 ஜிபி. தினசரி டேட்டா அளவுள்ள மொபைல் திட்டத்தில் பாதியில் நின்றுவிடும்.
- யூ.பி.எஸ். வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷ காலத்தில் மதியத்துக்குமேல் மலைப்பக்கம் இடி தொடங்கிவிடும். நிறுவும்போது கரண்ட் போனால் முதலிலிருந்து செய்ய வேண்டும். மின்னல் அடிக்கும்போது தொடங்கவே வேண்டாம். காலை நேரமே நல்லது.

படி 3: பென்டிரைவைத் தயார் செய்தல்

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் ஓ.எஸ்.ஸின் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்குங்கள். அதை வெறுமனே பென்டிரைவில் காப்பி செய்தால் வேலைக்காகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு எழுத வேண்டும். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் போதும். விண்டோஸ் போடுபவர்கள் மதர்போர்டின் லேன், வைஃபை டிரைவர்களையும் அதே பென்டிரைவில் போட்டுவையுங்கள். நிறுவலின் நடுவில் இணையம் கேட்கும்; டிரைவர் இல்லாமல் பலர் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

படி 4: பயாஸில் பார்க்க வேண்டியவை

மெஷினை ஆன் செய்த உடனே டெல் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் திறந்ததும் மூன்றைப் பாருங்கள்: வாங்கிய ராம் முழுவதும் தெரிகிறதா, எஸ்.எஸ்.டி.யின் பெயர் தெரிகிறதா, பூட் முறை யூ.இ.எஃப்.ஐ. என்று இருக்கிறதா. எஸ்.எஸ்.டி. தெரியாவிட்டால் கரண்டை முழுவதும் துண்டித்து, அதைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். எல்லாம் சரியென்றால் பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: அசுஸில் எஃப்8, எம்.எஸ்.ஐ.யில் எஃப்11, ஜிகாபைட்டில் எஃப்12.

படி 5: போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, திரை முழு அளவில் இருக்கிறதா என்று பத்து நிமிடம் சோதியுங்கள். ஏதேனும் வேலை செய்யாவிட்டால் இன்னும் புதிய பதிப்பை முயலுங்கள். இதுவரை எதுவும் அழியவில்லை.

படி 6: நிறுவுதல்

மொழி, கீபோர்டு, நேர மண்டலம் ஆகியவற்றைக் கேட்கும். நேரத்துக்குக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். கிராஃபிக்ஸ், வைஃபைக்கான கூடுதல் மென்பொருளை நிறுவவா என்று கேட்டால் சம்மதியுங்கள்.

கையை நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: டிஸ்க்கை முழுவதும் அழிக்கும் கட்டம். புது எஸ்.எஸ்.டி. மட்டும் இருந்தால் பயமில்லை. பழைய கணினியிலிருந்து எடுத்த ஹார்டு டிஸ்க்கையும் மாட்டியிருந்தால், நிறுவி முடியும்வரை அதன் கேபிளைக் கழற்றிவையுங்கள். குடும்பப் படங்கள் அதில்தான் இருக்கும்.

இரண்டு ஓ.எஸ்.ஸும் வேண்டுமா? முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். அதன்பின் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் தவறினால் பழுது என்று நினைக்காதீர்கள். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் இந்திய நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கிறது. ஏதாவது ஒன்றின் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

படி 7: முதல் நாள் வேலைகள்

முதலில் எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு மொழி அமைப்பில் தமிழ்99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் இரண்டையும் சேருங்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பழகும் பிள்ளைக்கு இரண்டும் தேவை. லினக்ஸில் டைம்ஷிஃப்ட் கொண்டு ஓ.எஸ்.ஸின் அன்றைய நிலையைச் சேமித்துவையுங்கள்; பின்னால் ஏதாவது குழம்பினால் இந்த நிலைக்கே திரும்பலாம். சொந்தக் கோப்புகளுக்கு வெளி டிரைவில் தனியாக ஒரு பிரதி வேண்டும்.

கடைசியாக: பென்டிரைவை அழிக்காதீர்கள்

அன்று எல்லாம் முடிந்தபோது அந்தப் பெண் மெனுவைத் திறந்து ஜியோஜீப்ராவைக் கண்டுபிடித்தாள். "ஸ்கூல்ல இருக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். அதன்பின் நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மௌஸ் அவள் கைக்குப் போய்விட்டது.

பென்டிரைவில் சிறு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, ஓ.எஸ். பெயரையும் தேதியையும் எழுதி மேசை டிராயரில் வைத்தோம். லினக்ஸ் ஒரு கட்டற்ற மென்பொருள்; அத்தகைய மென்பொருளுக்கான இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் நம் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளை நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது உரிமத்தின்படியே நம் உரிமை. எனவே அடுத்த வீட்டுக்காரர் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். கூடப்போய், முதல்முறை பயாஸ் திறக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.