கிடாக்குட்டிக்கு எந்தப் பிண்ணாக்கு?

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களின் சொந்தச் செம்மறி இனம் சென்னை சிவப்பு. இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் இந்த ஆடுகள் பெரும்பாலும் அறுவடை முடிந்த வயலிலும் ஏரிக்கரையிலும் மேய்ந்து வளர்பவை. விற்பனைக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் மேய்ச்சலோடு பிண்ணாக்கு கலந்த அடர்தீவனமும் கிடைத்தால், கிடாக்குட்டிகளின் உரித்த எடை கூடும், தொடையிலும் முதுகிலும் சதை திரளும். எந்தப் பிண்ணாக்கு என்பதை விலை மட்டும் பார்த்து முடிவுசெய்வது நட்டம்.

கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் புரதம் உண்டு. தேங்காய்ப் பிண்ணாக்கில் அது 20 முதல் 25 வரைதான். ஆகவே புரதத்துக்காக வாங்குவதானால், தேங்காய்ப் பிண்ணாக்கு ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். வளரும் குட்டிக்குச் சதை வைக்கப் புரதம் வேண்டும் என்பதால் கடலையே முதல் தேர்வு. ஆனால் அது புதிதாக இருக்க வேண்டும். ஈரம் ஏறிய கடலைப் பிண்ணாக்கில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டதற்குக் காரணம் இந்த நச்சு கலந்த கடலைத் தீவனமே. ஈரலைக் கெடுத்து வளர்ச்சியைத் தடுக்கும் இந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மூட்டையைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் வைப்பதும், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதும் எந்த மருந்தையும்விடப் பயன் தரும்.

எள்ளுப் பிண்ணாக்கில் சுண்ணாம்புச் சத்தும் மெத்தியோனின் அமினோ அமிலமும் மிகுதி. கடலையோடு பாதிக்குப் பாதி கலக்க ஏற்றது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் உள்ள காசிப்பால் என்ற நச்சு இளங்குட்டிகளுக்கும் பொலிகிடாக்களுக்கும் ஆகாது. வளர்ந்த, கறிக்கென்று நிறுத்திய கிடாவுக்கு அளவாகக் கொடுக்கலாம்.

கறியின் கொழுப்பைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது பிண்ணாக்கில் எஞ்சிய எண்ணெய். செக்கில் ஆட்டியதில் அது கணிசமாக இருக்கும். கரைப்பான் முறையில் பிரித்ததில் ஒரு விழுக்காடு அளவே. அசைபோடும் விலங்கின் முதல் வயிற்று நுண்ணுயிரிகள் நிறைவுறாக் கொழுப்பில் பெரும்பகுதியை நிறைவுற்றதாக மாற்றிவிடுவதால், பன்றிக்கு நேர்வதுபோல ஆட்டுக் கொழுப்பு எளிதில் இளகிவிடுவதில்லை. ஆனால் மொத்தத் தீவனத்தில் கொழுப்பு ஆறு விழுக்காட்டைத் தாண்டினால் நார்ச்சத்துச் செரிமானம் குறைந்து, தீனி வீணாகும். மேலை நாடுகளில் மாட்டிறைச்சியில் ஒமேகா-3 கூட்ட ஆளி விதை ஊட்டுகிறார்கள். அத்தகைய கறி விரைவில் நிறம் மாறி நெடியடிக்கும் என்பதால் வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. ஆட்டை உயிரெடை பார்த்து விலை பேசும் நம் சந்தைக்கு அந்தச் செலவு தேவையில்லை. புதிய கடலையும் எள்ளும் போதும்.

ஆமணக்குப் பிண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நச்சு இருப்பதால், அது எருவாக வயலுக்கு மட்டுமே. தீவனப் பிண்ணாக்கு இருக்கும் அறையில் அந்த மூட்டையை வைக்கவே கூடாது.