மாணவர் குழு வருகிறதா? வேலைப் பட்டியல் போடாதீர்கள்

மிஷனரிகளான ஜெஸ்ஸே, எவலின் பிராண்ட் தம்பதி கொல்லிமலையில் மருத்துவம், பள்ளி, விவசாயம் என்று காலூன்றியது தமிழ் கற்ற பிறகுதான். ஜெஸ்ஸே 1929-இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அப்படிப்பட்ட ஊழியத்தைப் பார்க்க இரண்டு வாரத்துக்கு வரும் வெளிநாட்டு மாணவர் கையில் சுண்ணாம்பு மட்டையைக் கொடுத்தால் உள்ளூர் ஆளின் கூலிதான் போகும். சுவரும் திட்டுத்திட்டாக நிற்கும். 'அவ்வளவு தூரம் வந்தவர்கள் சும்மாவா போவது?' என்பீர்கள். குச்சிக்கிழங்குக் காட்டில் களையெடுப்பவர் பக்கத்தில் ஒரு காலை நின்று, கிழங்கு எப்படி சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது, விலை இறங்கினால் யார் வீட்டில் அடுப்பு அணைகிறது என்று கேட்பது சும்மா இல்லை. ஊழியம் நடக்கும் ஊர் அப்போதுதான் புரியும்.

'விருந்தோம்பலில் கணக்குப் பார்க்கலாமா?' என்றும் கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். பத்துப் பேருக்கு மூன்று வேளை பொங்கிப்போடுவது வீட்டம்மா தலையில்தான் விடியும். சமையலுக்குக் கூலி கொடுத்து ஆள் வையுங்கள், செலவைக் குழுவிடம் முன்பே பேசிவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவது வீட்டுக்காரர் பொறுப்பு. சுற்றுலா விசாவில் வந்தவரைப் பிரசங்கிக்க நிறுத்தாதீர்கள். சட்டம் இடம் தராது. கொல்லிமலைக்கு வண்டியேறும் நாளில் அரை வயிற்று இட்லி போதும், அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவு, வயிறு குமட்டும்.